தெருவைப் பிடித்து நிறுத்திய பாவு

அன்புள்ள குமுதவல்லிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நெசவாளர் சங்க வேலைக்குப் போகும் வழியில் மிதப்புக் காற்று வீசியது. அது பட்டவர்கள் எடை இழந்து மேலே போய்விடுவார்கள். பயப்படாதே, நான் தரையில்தான் இருக்கிறேன்.

தறிக்கு ஏற்றும் பட்டுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, தெருநீளத்துக்கு விரித்து, இரு முனையும் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். இழை கலையும் என்பதால் பாவை யாரும் இறுகப் பிடிப்பதில்லை. எல்லோர் கால்களும் தரையை விட்டு எழும்பியபோதும் யாரும் பிடிக்கவில்லை. சரிதானா என்ற சந்தேகத்தோடே நான் முதலில் பிடித்துக்கொண்டு, "பாவைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

"அறுந்தா நீயா முடி போடுவ சார்?" என்று நெசவுக்காரி தில்லையம்மாள் முழ உயரத்தில் மிதந்தபடி திட்டினாள். ஆனால் பிடித்தாள். தெருவே பிடித்தது.

காற்று அடங்கி எல்லோரும் இறங்கினோம். ஓர் இழைகூட அறுபடவில்லை!

"சார் இல்லாங்காட்டி மேகத்துல தறி போட்டிருப்பேன்பா" என்று தில்லையம்மாள் சிரித்தாள்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். நேற்றிலிருந்து இங்கே யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பதில்லை. நீயாவது வந்து வழக்கம்போல அப்படிக் கூப்பிடு.

உன்,
தினகரன்