பத்துக்குப் பத்து

அன்புள்ள மகள் ஷார்மைனுக்கு,

டப்ளின் குளிரில் நீ சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். தம்பி கேவின் சுகமில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், பிறகு நான்தான் உன்னைத் தேற்ற வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம், தம்பியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் பிரிக்பீல்ட்ஸ் சென்டரில், பிசியோ மாதவி எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். நடக்க முடியாத பிள்ளையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து காருக்கு, குளியலறையிலிருந்து வெளியே, தனியாகத் தூக்கிவிட எவ்வளவு நம்பிக்கை என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வட்டமிட வேண்டும். பக்கத்தில், தன் பிள்ளையோடு காப்பார் ஊரிலிருந்து வரும் புஷ்பவல்லி எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு போட்டாள். "முதுகே போச்சுக்கா, பொய் எழுதி என்னா செய்யறது லா" என்று சிரித்தாள். எனக்கு இளக்காரமாக இருந்தது. நான் டிகிரி படித்தவள், மார்க் குறைந்து பழக்கமில்லை. குறைத்துப் போட்டால் சென்டரில் கேவினின் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் பத்து போட்டேன். குறைவாகப் போட்டவர்களுக்குத்தான் பயிற்சியும், தூக்கிவிடும் மெஷினும் என்று பிறகுதான் தெரிந்தது. மெஷின் காப்பாருக்கு, புஷ்பவல்லி வீட்டுக்குப் போனது. மறுவாரம் குளிப்பாட்டித் தூக்கும்போது கேவின் என் கையிலிருந்து வழுக்கிவிட்டான். தொடை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. விழுந்தவன் கத்தக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்தான்.

நீ போகும்போது அவன் இருபத்தைந்து கிலோ, இப்போது முப்பத்தெட்டு. "நீ ஸ்ட்ராங் மா, சமாளிச்சிருவ" என்று ஏர்போர்ட்டில் சொன்னாய். நீ அதை நம்பிச் சொன்னதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். உனக்குப் போக வேண்டியிருந்தது, சொன்னாய். மூன்று கிறிஸ்துமஸாக வருகிறேன் என்கிறாய்.

நேற்று மாதவி வேறு படிவம் தந்தாள். இந்த முறை உண்மையைப் போட்டேன். குளியலறைக்கு ஒன்று, காருக்கு இரண்டு. உங்களால் முடியாமல் போனால் யார் தூக்குவார் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். அவர் வருவார் என்ற நம்பிக்கை எவ்வளவு என்றதற்குப் பூஜ்யத்தை வட்டமிட்டேன். "கோபத்துல போட்டீங்களா ஆன்டி, மாத்திக்கலாமே" என்றாள். வேண்டாம் என்றேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காக்கட்டும். டிசம்பர் ஒன்பதாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள், அன்றைக்கும் அவனை நான்தான் தூக்க வேண்டும்.

உன் அம்மா,
எவலின்
கிள்ளான்