குளத்தங்கரை ரோட்டின் பெயர்

அண்ணனுக்கு,

நலம் கேட்டு எழுதவில்லை. மெர்டேக்கா சுதந்திர விழாக் கொடிகளை இறக்கிய கையோடு மலாக்காவில் நம் காஜா பெராங் குளத்தங்கரையில் தார் ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது உன் வாசலிலேயே டாக்சி வந்து நிற்கிறது.

அந்தக் கரை முன்பு எப்படி இருந்தது? முழங்கால் அளவு சேறு, அட்டைகள், எருமைகள். அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது, "தமிழ் பேசத் தெரியாம மலாய் பேசுற மலாக்காச் செட்டியக் கட்டிக்கிட்டவளுக்கு அந்தச் சேறே போதும்" என்று நீதான் சொன்னாய்.

இவர் அந்தச் சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டினார், மண் கொட்டி மேடாக்கினார். அதற்குப் பிறகுதான் வீடுகளும் கடைகளும் வந்தன. பக்கத்திலிருந்த உன் பங்கும் காய்ந்தது. நீ மாடி வீடு கட்டினாய்.

அவரை என் வாசலில் கிடத்தியிருந்தபோது நீ மாடியில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது: "யாரோ செட்டி செத்துட்டானாம்."

கடைசிவரை நீ அவர் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. கட்டியவர் பெயரை நான் சொல்லாதது மரியாதை. நீ சொல்லாதது என்னவென்று உனக்கே தெரியும்.

ரோடு போட என் நிலத்தை நகராண்மைக் கழகத்துக்குச் சும்மாவே கொடுத்தேன். ரோட்டுக்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். நேற்று பலகை நட்டார்கள், உன் கேட்டுக்கு நேர் எதிரே.

இந்த உறையின் மேல், உன் விலாசத்தில், அந்தப் பெயரை முதல் முறையாக என் கையால் எழுதியிருக்கிறேன். உன் மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் அதை நீ அச்சடிக்கவேண்டும். டாக்சிக்காரனிடம் அதைச் சொன்னால்தான் நீ வீடு போய்ச் சேர முடியும்.

மரியாதையாகச் சொல்.

இப்படிக்கு,
அந்தச் செட்டியின் மனைவி