டே ஹவுஸ் வராந்தா

நவம்பர் 5, செவ்வாய்

தீபாவளி விடுமுறை முடிந்து நேற்றுதான் பள்ளி திறந்தது. அதற்குள் மழை. ஜான்சன் சார் ஓய்வு பெற்றதால் டே ஹவுஸ் பிள்ளைகளின் பொறுப்பு என் தலையில். "பெரிய வேலை ஒண்ணும் இல்ல மாதவி மேடம், மதியானம் வராந்தாவப் பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டேன். ஒரே சாரல். ஆறாம் வகுப்பு அனுஷா டிபன் டப்பாவோடு சாப்பாட்டு ஹால் வாசலில் வந்து நின்றாள். "டே ஹவுஸுக்கு வராந்தாதானே கண்ணு" என்று திருப்பி அனுப்பினேன். பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்கள்.

நவம்பர் 7, வியாழன்

நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப் பள்ளியின் வரலாறு எழுத வேண்டும். கரஸ்பாண்டன்ட் உத்தரவு. இன்று உட்கார்ந்துவிட்டேன்.

பெம்பர்டன் துரை ஏரிக்கரை வேலைக்காக உத்திரமேரூர் வந்தவர். தான் இங்கிலாந்தில் படித்த பள்ளியையே இங்கே கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மணிக்கூண்டு, ஹவுஸ், பிரிஃபெக்ட் என்கிற சட்டாம்பிள்ளை, சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு, எல்லாம் வந்தது. ஆஷ்பி, லின்டன், கார்பி என்று மூன்று ஹாஸ்டல் ஹவுஸ். வீட்டிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு டே ஹவுஸ். ஹாஸ்டல் பையன்களுக்கு ஹாலில் மெஸ் சாப்பாடு. டே பையன்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து வராந்தாவில் சாப்பிட்டார்கள்.

ஹாஸ்டலை மூடி முப்பது வருடம் இருக்கும். இப்போது எல்லோருமே வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் ஹவுஸ் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை வகுப்பறையிலேயே ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பில், தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஹவுஸ் பிரிப்போம். அப்பா இங்கே படித்திருந்தால் பிள்ளைக்கு அப்பாவின் ஹவுஸ், ஹாலில் இடம். அப்பா படிக்காவிட்டால் டே ஹவுஸ், வராந்தா. என் வீட்டுக்காரர் ஆஷ்பி. கல்யாண வீட்டில் இன்னொரு ஆஷ்பிக்காரரைப் பார்த்துவிட்டால் பந்தியையே மறந்துவிடுவார்.

கட்டுரை நன்றாக வருகிறது. வராந்தா பத்தியைப் படித்து நானே ரசித்தேன்.

நவம்பர் 11, திங்கள்

அனுஷா போன புதனிலிருந்து வரவில்லை. மழைக் காய்ச்சலாக இருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

காய்ச்சல் இல்லை.

குழந்தைகள் தின மிட்டாயை எடுத்துக்கொண்டு மாகறல் பஸ் ஏறினேன். ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பு. அனுஷாவின் அம்மா சரசு நடவு முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் சேறுகூடக் கழுவவில்லை. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"அஞ்சாவது வரிக்கும் எல்லாரோடயும் ஒண்ணா குந்திக்கினு துன்ன புள்ள, டீச்சரம்மா. இப்ப வெளிய போய் குந்துன்னா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு என்னாண்ட கேக்குது. நான் இன்னான்னு சொல்ட்டும்?"

துரை, ஹாஸ்டல், மெஸ் என்று விளக்கினேன். என் கட்டுரையை அப்படியே ஒப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்டாள்.

"உள்ள எடம் இல்லியா?"

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

மாதக் கடைசியில் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கப் போகிறாளாம். ஊர்ப் பள்ளி ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அந்தப் பெண் படிப்பு வராமலா போகிறாள்? வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். துரத்தியது நாங்கள். வாசலில் நின்று திருப்பி அனுப்பியது நான். அனுஷா உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவேயில்லை. அசிங்கமாக இருக்கிறது எனக்கு.

நவம்பர் 15, வெள்ளி

சத்யநாராயணன் சாரிடம் போய்ச் சொன்னேன். கரஸ்பாண்டன்டாக இவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைக்காசு போட்டுப் படிக்க வைத்திருக்கிறார். அதனால்தான் இன்னும் எரிச்சல். பொறுமையாகக் கேட்டார், அந்தக் குழந்தைக்காக வருத்தப்பட்டார், காபி வரவழைத்தார்.

கடைசியில், "முறைன்னா முறைதாம்மா. ஒருத்தருக்காக மாத்தினா அப்புறம் இது துரை ஸ்கூலே இல்ல" என்றார்.

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். வேண்டாம் என்று வைத்திருக்கலாம்.

நவம்பர் 18, திங்கள்

சாரின் மகள் ஸ்ரீவித்யா பெங்களூரிலிருந்து மகனோடு இங்கேயே வந்துவிட்டாள். பையன் பெயர் கிரிதர். ஆறாம் வகுப்பு. எந்த ஹவுஸ் என்று ஆபீஸில் என்னைக் கேட்டார்கள்.

ஸ்ரீவித்யா ஆஷ்பி. தாத்தாவும் ஆஷ்பி. ஆனால் அம்மா வழியில் ஹவுஸ் வராது. அப்பா பெங்களூர்க்காரர், இந்தப் பள்ளியை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. முறைப்படி?

டே ஹவுஸ் என்று சொன்னேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது.

மதியம் சாரல். கிரிதரின் தயிர்சாதத்தில் மழைத்தண்ணீர். பாவம், அவன் என்ன செய்வான்.

நவம்பர் 19, செவ்வாய்

எதிர்பார்த்தபடி சார் கூப்பிட்டனுப்பினார். கிரி ஆஷ்பிதானே என்றார். "அப்பா வழிதானே சார் முறை" என்றேன். "ஒருத்தருக்காக மாத்தினா" என்று நான் ஆரம்பித்ததும் போகலாம் என்று கையைக் காட்டினார்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? வேலைக்கே உலை வைத்துக்கொண்டேனா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஆஷ்பிக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்.

நவம்பர் 21, வியாழன்

ஹாலில் மூலையில் கவிழ்த்து அடுக்கியிருந்த ஹாஸ்டல் மேசைகளைப் பியூன் சுப்பன் இறக்கித் துடைத்துப் போட்டிருந்தார். சுற்றறிக்கை வந்தது: மழையை முன்னிட்டு டே ஹவுஸ் மாணவர்களும் இனி ஹாலில் உணவருந்தலாம். அவ்வளவுதான். கூட்டம் இல்லை, விவாதம் இல்லை. நூற்று இருபத்தைந்து வருட முறை ஒரு ஈரத்துணியில் போய்விட்டது.

சந்தோஷப்பட வேண்டும். கோபம்தான் வருகிறது. ஒரு பெண் பள்ளியை விட்டே போகிறாள் என்றபோது அசையாத மேசை, பேரனுக்குச் சோறு நனைந்ததும் அசைந்துவிட்டதே!

நவம்பர் 22, வெள்ளி

மறுபடி மாகறல். ஹாலில் மேசை போட்டுவிட்டார்கள் என்று சரசுவிடம் சொன்னேன். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை.

"டேபிள்லாம் புச்சா வாங்கனாங்களா?"

"இல்ல சரசு. ஹால்லயேதான் இருந்துச்சு."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து, திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றாள். நன்றி கின்றி சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

நவம்பர் 23, சனி

மலர்க் கட்டுரையில் வராந்தா பத்தியை எடுத்துவிடச் சொன்னார் சார். நல்லபடியாகத்தான் கேட்டார். எடுக்கவில்லை. ரசனையாக எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன்.

நவம்பர் 25, திங்கள்

நல்ல வெயில். அனுஷா வந்திருந்தாள். காலை முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் ஹாலுக்குள் போக, அவள் மட்டும் டப்பாவோடு வராந்தா பக்கம் நடந்தாள். உள்ளேதான் என்றேன்.

"மழ நின்னுட்ச்சே மிஸ்."

பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையை அவளும் படித்திருக்கிறாள்.

"நின்னா நிக்கட்டும்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.