பிரேக்கில் இருந்தது யார்?

கும்மிடிப்பூண்டி
18-8-2024

அன்புள்ள தம்பி அன்புசெல்வனுக்கு,

எபினேசரின் அப்பா தாவீது எழுதுகிறேன். கர்த்தர் தயவால் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் எங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும், பொதட்டூர்பேட்டையில் உங்கள் அப்பா அம்மாவும் சுகம்தானே?

கடற்படை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைப் போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது காலை முட்டிக்கு மேலே எடுத்த இடம் நன்றாக ஆறுகிறது என்றார் டாக்டர். பிள்ளைதான் ஆறவில்லை தம்பி. சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்புவதே இல்லை. அவன் அம்மா சுகிர்தா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் "வேணாம்மா" என்று கண்ணை மூடிக்கொள்கிறான்.

"இன்னாடா ஆச்சு அன்னிக்கி?" என்று கேட்டேன்.

"நெனப்பு இல்ல நைனா. காலைல நாஷ்டா துன்னது வரைக்கும்தான் தெரியுது. நான் பிரேக்ல குந்திக்கினு இருந்தேன், பயந்து எறங்கி ஓடிட்டேன்னு விசாரணை பேப்பர்ல இருக்குது. இருக்குதுன்னா நான்தானே? அவ்ளோ பெரிய பிளேனை உட்டுட்டு ஓடி இருக்கேன்" என்கிறான்.

விசாரணைத் தாளை நானும் பார்த்தேன். போன மாதம் உங்கள் தளத்தில் விமானத்தைக் கொட்டகைக்குள் இழுத்துப் போகும்போது இழுவைக் கம்பி முறிந்ததாம், பிரேக்கில் இருந்தவன் இடத்தை விட்டுக் குதித்துச் சக்கரத்தின் முன்னால் விழுந்தானாம். அன்றைக்கு விசில் உங்கள் கையில்தான் இருந்தது என்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வேற்றுமையும் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். என்ன நடந்தது?

நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பீர்கள்.

இப்படிக்கு
தாவீது

27-8-2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். விசாரணை முடியும்வரை போனில் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தப்பாக நினைக்க வேண்டாம். எபி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

ஒரு விமானத்தை இழுக்க ஆறு பேர் வேண்டும். டிராக்டர் ஓட்ட ஒருவர், இறக்கை முனைகள் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள இருவர், நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர், மேலே விமானியின் இருக்கையில் பிரேக்கை மிதிக்க ஒருவர், எல்லாரையும் பார்த்து விசில் ஊத நான். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கம்பி முறிந்தது யாருடைய கையிலும் இல்லை. தாளில் உள்ளதுதான் உண்மை.

அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். பயம் யாருக்கும் வரும். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பணிவுடன்
அன்புசெல்வன்

கும்மிடிப்பூண்டி
5-9-2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. அதில் பயம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னேனா தெரியாது. என் அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று சுமந்தவர். நான் இங்கே இரும்பு ஆலையில் இருபத்தாறு வருஷமாகக் கிரேனுக்குக் கை காட்டுகிறேன். மேலே இருக்கிற ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது தெரியாது. நான் கை தூக்கினால் தூக்குவான், இறக்கினால் இறக்குவான். ஆள் குறைந்தால் கையைத் தூக்க மாட்டேன். சூப்பர்வைசர் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். "ஆள் வரட்டும் சார்" என்று நின்றிருக்கிறேன்.

நேற்று அவனுக்கு உடம்பு துடைத்துவிட்டேன். வலது உள்ளங்கையில், குறுக்கே, கயிறு உருவிப் போன தழும்பு இருக்கிறது. தோல் இன்னும் சிவப்பாக இருக்கிறது. சக்கரக் கட்டையில் கயிறு கட்டியிருக்கும், கையைச் சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுபோகாமல் இருக்கத்தான் அந்தக் கயிறு என்று லீவில் வந்தபோது அவன்தான் எனக்குச் சொன்னான்.

பிரேக்கில் உட்கார்ந்தவன் கையில் கயிறு எப்படி வந்தது தம்பி? பயந்து குதித்தவன் சக்கரத்துக்கு எதிர்த் திசையில்தானே ஓடுவான்? ஆறு பேர் வேண்டும் என்று எழுதினீர்கள். ஆறு பேர் இருந்தார்கள் என்று எழுதவில்லை. அன்றைக்கு எத்தனை பேர்?

கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரியாமல் மில்லில் நின்று கை காட்ட முடியவில்லை.

தாவீது

20-9-2024

ஐயாவுக்கு,

இதைப் பற்றி நான் எழுதக்கூடாது. அக்டோபர் கடைசியில் விசாரணை முடிகிறது. அதற்குள் ஒரு வார்த்தை மாறினாலும் பலபேர் வாழ்க்கை போய்விடும். எனக்கு வயதான பெற்றோர், இரண்டு பெண் குழந்தைகள். பதினாறு வருஷ சர்வீஸ்.

தயவுசெய்து இனி எழுத வேண்டாம். எபிக்காக நான் தினமும் சாமி கும்பிடுகிறேன்.

அன்புசெல்வன்

கும்மிடிப்பூண்டி
29-9-2024

தம்பி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை சுகிர்தா தலையணை உறையை மாற்றும்போது உள்ளே ஒரு பொட்டலம் இருந்தது. வலிக்குக் கொடுக்கிற மாத்திரைகள். விழுங்குகிற மாதிரி விழுங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாத்துக்குடா இது?" என்று கேட்டேன்.

"என்னை வெச்சினு இன்னா பண்ணப் போற நைனா? ஒரு வேலை குடுத்தாங்க. குந்திக்கினு பிரேக்கை மிதிக்கறது. அதுகூட செய்யாம ஓடினவன். கூட இருந்தவங்க இன்னா நெனப்பாங்க என்னைப் பத்தி?"

கால் போனதுக்கு அவன் ஒருநாளும் அழவில்லை தம்பி. ஓடிப்போனவன் என்பதற்குத்தான் சாகப் பார்க்கிறான்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனநல டாக்டரும் பார்க்கிறார். நான் ஷிப்டுக்குப் போனால் சுகிர்தா கட்டிலை விட்டு நகர்வதில்லை. அவள் குளிக்கப் போனால் நான் உட்காருகிறேன். இப்படி எத்தனை நாள் காவல் காப்பது?

யாரையும் தண்டிக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. உங்கள் வேலை இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவன் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமானால் அதை மட்டும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்துகூட வேண்டாம். அவனிடம் காட்டிவிட்டு, என் பிள்ளைமேல் சத்தியமாக, கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நான் யார் காலிலும் விழுந்தவன் இல்லை.

தாவீது

7-10-2024

ஐயா,

அவன் ஓடவில்லை.

இந்த வரியோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். கிழித்துப் போடுவதாக நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு அப்படி நிறுத்த முடியவில்லை. கிழிக்க வேண்டாம்.

அன்றைக்கு ஐந்து பேர்தான் இருந்தோம். பிரேக்கில் இருக்க வேண்டிய ஸ்டீபனுக்குக் காய்ச்சல். வேறு ஆள் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மேலே யாரும் இல்லாமல் விமானத்தை நகர்த்தக்கூடாது என்பது முதல் பாடம். எபிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான். இருநூறு அடிதானே என்று விசிலை ஊதினேன்.

கொட்டகை வாசலில் தரை ஏற்றமாக இருக்கும். அங்கே இழுவைக் கம்பியின் ஆணி முறிந்தது. விமானம் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் இன்னொரு விமானம் நின்றது, அதில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதிக்க யாரும் இல்லை.

எபி கட்டையோடு பத்தடி தள்ளி நின்றான். உருளுகிற சக்கரத்துக்கு ஒருபோதும் கட்டை போடக்கூடாது. அவனுக்கும் தெரியும். நான் கத்தினேன், "கட்டை போடு எபி! போடு!" அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். நிஜமாகவா சொல்கிறேன் என்று பார்த்தான். மறுபடியும் கத்தினேன். ஓடிப்போய்ப் போட்டான். முதல் கட்டையைச் சக்கரம் தள்ளிவிட்டது. இரண்டாவதைக் கயிற்றைப் பிடித்து இழுத்து வைத்தான். அதில்தான் விமானம் நின்றது. அவன் கால்மேல் ஏறி நின்றது. பின்னால் இருந்த மூன்று பேருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மதியம், அவன் ஆபரேஷன் அறையில் இருந்தபோது, அன்றைய வேலைத்தாளில் பிரேக் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் அவன் பெயரை எழுதினேன். டிராக்டர் ஓட்டிய லோகு பார்த்துவிட்டான். "நீ ஒண்ணும் பாக்கல" என்றேன். அவன் என்னைவிடச் சின்னவன். மற்ற இருவரும் நான் சொன்னதையே சொன்னார்கள்.

இன்று காலை இதையெல்லாம் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். லோகுவும் எழுதிக் கொடுத்தான். விசிலை வாங்கிக்கொண்டார்கள். வேலை போகும், தண்டனையும் இருக்கும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஒரே ஒருமுறை வந்து எபியைப் பார்க்க விடுவீர்களா ஐயா?

அன்புசெல்வன்

கும்மிடிப்பூண்டி
20-10-2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அவனுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவன் பெயரை நீங்கள் எழுதிய இடம் வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டேன். "படி நைனா" என்றான். முடித்ததும் "இன்னொரு தபா படி" என்றான்.

இரண்டாம் முறை முடித்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். சுகிர்தா பிடிக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டான். தண்ணீர்ச் சொம்பை எடுத்துச் சுவரில் அடித்தான். கத்தினான். எதிர்வீட்டு மணியம்மாள் பயந்து ஓடி வந்தாள். மூன்று மாதத்தில் அவன் குரலை அவ்வளவு பலமாக நாங்கள் கேட்டதில்லை. நெளிந்த சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அவன் அம்மா அழுதாள். அது வேறு அழுகை.

அன்றிலிருந்து கோபமாகவே இருக்கிறான். டாக்டர்மேல் கோபம். என்மேல் கோபம். குழம்பில் உப்பில்லை என்று கோபம். ஆனால் சாப்பிடுகிறான். மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டுகிறான், அதையும் கோபத்தோடுதான். புதன்கிழமை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். "உங்க பையனாலதான் மூணு பேர் பொழச்சாங்க" என்று ஒருவர் சொன்னார். அவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் எழுதிக் கொடுத்தது பெரிய காரியம் என்கிறார் எங்கள் பாஸ்டர். இருக்கலாம். நான் உங்களுக்கு விரோதமாக ஜெபிக்கவில்லை. உங்களுக்காக ஜெபிக்க இன்னும் வாய் வரவில்லை. மூன்று மாதம் என் பிள்ளை படுக்கையில் தன்னையே தின்றுகொண்டு கிடந்தான். உங்களுக்கு அது தெரியும்.

உங்களை அவன் பெயர் சொல்லியதே இல்லை, அண்ணன் என்றுதான் சொல்வான். "அண்ணன் பாக்க வரட்டுமான்னு கேக்கறாரு, இன்னா எழுதட்டும்?" என்று நேற்று கேட்டேன்.

"அந்தாளு இங்க வரக்கூடாது. லெட்டரும் போடக்கூடாதுன்னு எழுது."

அவன் சொன்னதை எழுதிவிட்டேன். எப்போதாவது அவனே உங்களுக்கு எழுதினால் பதில் போடுங்கள். எழுதாவிட்டால் எதிர்பார்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கிறார்கள். நான் லீவு போட்டிருக்கிறேன். இனி என்னிடமிருந்தும் கடிதம் வராது.

தாவீது