அட்டாக் என்றால் அடி இல்லை

பக்கத்து வீட்டில் காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்துகிறார்கள். யாருக்கோ மூச்சு இளைப்பு, அதற்கு இந்தப் புகைதான் மருந்து. அந்தப் புகை நெடி ஜன்னல் வழியாக வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பென்சிலா என்று நீ சிரிப்பாய். ஆமாம், எழுதுகிறேன்! நம் மகள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். இன்று எழுதிப் பார்த்தது உனக்குத் தெரிந்த சொல். அட்டாக். நாலே எழுத்து! இதற்கா அன்று ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நடுங்கிக்கொண்டு வந்தேன்?

அப்போது ஜெர்மனிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நீ வேலூரில் உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாய். தோல் பதனிடும் ஷாப்பில் நான் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றேன். வேலூர் போய்வந்த கணக்குப்பிள்ளை தொட்டி ஓரம் வந்தார்.

"உன் சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்குதுப்பா. அட்டாக்காம். நர்சம்மா சொன்னாங்க."

"அட்டாக்னா இன்னா சாமி?"

"தாக்கறது. ஜெர்மன்காரன் அட்டாக் பண்ணான்னு பேப்பர்ல போடறான் இல்ல, அதான்."

"யாரு தாக்கினது?"

"அதை நான் கேக்கலியே."

எனக்கு உடனே உன் அக்கா புருஷன் முகம்தான் வந்தது. கோபக்காரர். உன் அக்கா மேல் கை ஓங்கினதை நானே பார்த்திருக்கிறேன். தோல் புரட்டும் கம்போடு ரயில் ஏறினேன். அடி மண்டையிலா, வயிற்றிலா? நான் போகும்போது நீ பேசுவாயா? காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அக்கா புருஷன் குந்தியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏன்டா அடிச்ச?" என்றேன்.

"நானா? தூக்கினு ஓடியாந்ததே நான்தான்டா. உள்ள போய்ப் பாரு."

நீ கட்டிலில் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாய். உன் தலையைத் தடவினேன், கையைப் புரட்டினேன். ஒரு கீறல் இல்லை.

"எங்க அடிச்சாங்க, சொல்லு!"

"யாரும் அடிக்கலய்யா. என் மூச்சுதான் என்னை அடிச்சிது."

இளைப்பு மாதிரி நோய் திடீரென்று வந்து பிடிப்பதையும் இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்களாம், நர்ஸ் விளக்கினார். நீ என் கையிலிருந்த கம்பைப் பார்த்தாய். அந்தத் திணறலிலும் உனக்கு எகத்தாளம்.

"வெயில் அடிக்குது, காய்ச்சல் அடிக்குதுன்றோம். அதுக்கெல்லாம் கம்பு எடுத்துனு போவியா?"

நானும் சிரித்தேன். ஆனால் உன்னை அழைத்துக்கொண்டு திரும்பும்போது பயம் கூடித்தான் போயிற்று. மனிதன் அடித்திருந்தால் கம்புக்கு ஒரு வேலை இருந்திருக்கும். மூச்சுக்குள் வரும் இவனுக்கு முகமே இல்லை. தோல் பதனிட ஷாப்பில் நீ இடிக்கும் ஆவாரம் பட்டைத் தூசிதான் இவனை அழைத்து வருகிறது என்றார்கள். அந்த வேலையை விட்டாய். அப்படியும் மழைக்காலம் தோறும் வந்தான். "ஜெர்மன்காரன் வந்துட்டான்யா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய். நான் உன் முதுகைத் தடவியபடி ஒவ்வொரு மூச்சாக எண்ணுவேன். ஓர் ஐப்பசியில், எண்ணிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

கம்பு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மகள் லேசாக இருமினாலும் என் காது அவள் பக்கம் ஓடுகிறது. இதோ, இந்தப் புகைக்கு இருமினாள். நான் பென்சிலைக் கீழே வைத்ததையும் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, தப்பா எழுதிட்டியா? குறுக்க ஒரு கோடு போட்டு அடிச்சிடு."

எழுத்தையும் அடிக்கலாம் என்று இத்தனை நாள் எனக்கு யார் சொன்னார்கள்? பென்சிலை அழுத்திப் பிடித்து அந்த நாலெழுத்தின் மேல் கோடு இழுத்தேன். காகிதம் கிழிந்தே போயிற்று.

அடித்துவிட்டேன், கண்ணு. உள்ளே அவள் மூச்சு சீராக வருகிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.