ரெட்டிப்பு நூல்

1956 ஜனவரி 19, வியாழன்

பித்தளைப் பாத்திரம் அடித்துத் தரும் கன்னார் மருதையை இன்று கடையில் வைத்து, திருடன் என்று சொல்லாத குறையாகப் பேசிவிட்டேன்.

உப்பிலியபுரம் நல்லுசாமி, மகள் கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா கேட்டிருக்கிறார். முன்பு என்னிடம் வாங்கியதில் நூறு பேருக்குத்தான் சோறு வேகிறதாம். இருநூறு பேருக்கு வேண்டுமாம். பழையதன் வாயையும் உயரத்தையும் நூலில் அளந்து முடிச்சுப் போட்டு அனுப்பினார். எங்கள் வியாபாரத்தில் வழக்கம் அதுதான். நூலை ரெட்டிப்பாக்கி மருதையிடம் கொடுத்தேன். தகடும் ரெட்டிப்பாக நிறுத்துக் கொடுத்தேன். இன்று வந்து, இன்னும் அதே அளவு தகடு வேண்டும் என்கிறார்.

"குடுத்த தகடு எங்கய்யா போச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஈயம் பூசுகிறவர், தரகர், பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"நூல் நீங்க குடுத்தது, முதலாளி" என்றார்.

தகடு கொடுத்தனுப்பினேன். பிப்ரவரி 12 கல்யாணம். வேறு ஆள் தேட நேரம் எங்கே?

ஜனவரி 27, வெள்ளி

அண்டா வண்டியில் வந்தது. மருதை வரவில்லை. கூலியும் கேட்டனுப்பவில்லை. சாய்த்துப் பிடித்து நாலு பேர் உள்ளே கொண்டுவந்தோம். தர்கா கந்தூரிக்குச் சோறு ஆக்கும் சமையல்காரர் அப்துல் சலாம் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அண்டா இல்லீங்க, கெணறு" என்றார்.

ஜனவரி 28, சனி

நிறுத்துப் பார்த்தேன். பழைய அளவு அண்டா ஒன்று கடையில் இருக்கிறது. அதைப் போல நாலு மடங்கு எடை. கொடுத்த தகடு முழுக்க அண்டாவிலேயே இருக்கிறது. ஒரு துண்டு வெளியே போகவில்லை.

பிறகு சின்னதால் தண்ணீர் மொண்டு பெரியதில் ஊற்றினேன். இரண்டோடு நிரம்பும் என்று கணக்கு. சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எட்டு.

எண்ணூறு பேருக்கு ஆகும்! நல்லுசாமி ஊரையே கூப்பிட்டாலும் அத்தனை பேர் தேற மாட்டார்கள்.

ஜனவரி 29, ஞாயிறு

மகள் செல்லக்கிளி எட்டாவது படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். தீப்பெட்டிகளை எடுத்து வந்து, நீளம் இரண்டு, அகலம் இரண்டு, உயரம் இரண்டாக அடுக்கினாள். எட்டுப் பெட்டி. வெளிப்பக்கத்துக்குக் காகிதம் ஒட்டினால் ஒரு பெட்டிக்கு ஆவதைப் போல நாலு மடங்கு ஆகும் என்றாள். அதுதான் தகடு.

"ஒரு பக்கமா ரெட்டிச்சீங்க? எல்லாப் பக்கமும்ல ரெட்டிச்சுட்டீங்க, அப்பா."

அப்படியானால் இருநூறு பேருக்கு நூல் எவ்வளவு? ஸ்லேட்டில் போட்டுக் காட்டினாள். நாலு நாலு நாலு பெருக்கினால் அறுபத்து நாலு. அஞ்சு அஞ்சு அஞ்சு நூற்று இருபத்தைந்து. ஏறக்குறைய ரெட்டிப்பு. நாலு சாண் நூலை அஞ்சு சாண் ஆக்கினால் போதும். தகடு ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல்.

முப்பது வருஷமாக அண்டா விற்கிறேன்.

ஜனவரி 30, திங்கள்

மருதைக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை.

ஜனவரி 31, செவ்வாய்

பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் மருதை வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் சம்சாரம் வள்ளிக்கண்ணு. "கூலி குடுக்க வந்தீங்களா, தகடு தேட வந்தீங்களா?"

மருதையிடம் எல்லாம் சொன்னேன். தீப்பெட்டியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க? அன்னிக்கு நின்னாங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சுத்தியலத் தொடறேன். மத்த கடையில என்னைய நம்பித் தகடு குடுக்கணுமில்ல."

கடைத்தெருவில் என் அளவு தப்பு என்று நானே சொன்னால், நாளைக்கு எடைக்கல்லையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுஷனுக்கு வேலை இல்லை. யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை.

பிப்ரவரி 2, வியாழன்

பத்து மணிக்கு, அதே ஆட்களைக் கடைக்குக் கூப்பிட்டு வைத்து, தப்பு என் நூலில்தான் என்று சொன்னேன். தரகர் மட்டும் சிரித்தார். மருதை நாலுக்கு அஞ்சு கணக்கில் முடிச்சிட்ட நூலை வாங்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 14, செவ்வாய்

நல்லுசாமி சொல்லியனுப்பினார்: புது நூலில் செய்த அண்டாவில் இருநூறு பேருக்கும் சோறு சரியாக வந்ததாம். பெரிய அண்டாவைக் கந்தூரிக்கு வாடகை பேசி அப்துல் சலாம் எடுத்துப் போனார்.

மருதையோடு பேசி முடித்தது: இனி எத்தனை பேருக்கு என்பதை மட்டும் நான் சொல்வது, நூல் அளவு அவர் வைப்பது. தகடு அவர் கேட்டபடி. கூலி பெரியதற்கு நாற்பது ரூபாய், கல்யாணத்துக்குப் போன சின்னதற்குப் பதினாறு. இரண்டும் கையில் கொடுத்தாயிற்று.