மாட்டுக்குப் போட்ட பரங்கிக்காய்

என் உயிரான கனகாக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நேற்று மத்தியானம் நம் வீட்டில் ஒரு காரியம் முடிந்தது. உன்னிடம் சொன்னால்தான் எனக்கு அது முடிந்த மாதிரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான். ஆனாலும் என் எழுத்து புரியவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கூட இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனகா என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஊர் எங்களை ஓரகத்திகள் என்று சொல்லும். ஒரே அடுப்பில் முப்பத்தெட்டு வருஷம் சமைத்தோம். அதற்குப் பிறகு அக்கா தங்கச்சி என்றுதானே சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை சந்தைக்கு வழக்கம்போல நாலு மணிக்கு மேல்தான் போனேன். கூடை காலியானால் போதும், பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கடைக்காரிகள் பார்க்கிற நேரம். உப்பு, புளி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், அப்பளம். இதற்கு மேல் பையில் ஏதாவது ஏறினால் நீ தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்பாய், "இது நம்ம கொல்லையில இல்லியாடி?" என்று. இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் அந்த முனை வந்ததும் பையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

கொல்லையில் தக்காளி இன்னும் பூவாகத்தான் இருக்கிறது. அதனால் ரசத்துக்கு வெடித்த தக்காளி கேட்டேன். தக்காளி விற்கிற தொண்டூர்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அக்கா இருந்தா இந்நேரம் ரெண்டு கூற ஒண்ணாக்கி இருக்கும்."

"நான் மட்டும் இன்னா, எளச்சவளா? ரெண்டயும் ஒண்ணா கொட்டு."

கொட்டினாள். மேலே ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் வைத்தாள். எனக்காக வைத்தாளா, உனக்காக வைத்தாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஜயா வந்தாள்.

நம் வீட்டு ஆண்களுக்கு ஒரே தங்கை. நீ மாலையும் கழுத்துமாக இந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தலை வாரி, பேன் பார்த்து, சோறு ஊட்டியது நீ. பரங்கிக்காய்த் தோலில் நீ அரைக்கிற துவையல் இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் இறங்காது. அதை எல்லாம் மறந்தவள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள்.

நீ நம் கொல்லையிலேயே பெரிய பரங்கிக்காயைப் பறித்தாய். செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்குகிற குரங்குகள் கை வைக்காமல் இருக்க இரண்டு மாதம் முள்ளு போட்டுக் காப்பாற்றிய காய். அதைத் துடைத்து, மஞ்சள் பூசி, பித்தளைத் தட்டில் வைத்துச் சீராகக் கொண்டு போனாய். நான் வெற்றிலை பாக்குத் தட்டோடு உன் பின்னால் வந்தேன். அத்தனை பேர் நடுவில் அவள் வேலைக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இத எடுத்தும்போய் பின்னால மாட்டுக்குப் போடு. சந்தையில விக்காததெல்லாம் சீருன்னு தூக்கினு வந்துட்டாங்க."

சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை, அக்கா.

கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். சடங்குக்கு வாடகைக்குப் பிடித்து வந்த பசு கட்டியிருந்தது. முழுக்காயை எந்த மாடு கடிக்கும்? நறுக்கித்தான் போட வேண்டும் என்பது கூட, கொல்லையிலேயே வளர்ந்தவளுக்கு மறந்துபோயிருந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த மாட்டுக்கு இருந்த மரியாதை அவளுக்கு இல்லை. காயைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் என் மடியைப் பார்த்து, "இன்னாம்மா, கொழந்தையா?" என்றார். "ஆமா, எங்க அக்கா பெத்தது" என்றேன். நீ சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "குடுத்த சீர எடுத்துனு வரலாமாடி?" என்றாய். அது மட்டும்தான்.

அந்தக் காயை நீ சமைக்கவில்லை. கொடுத்த பொருள் நம்முடையது இல்லை என்றாய். தை மாதம் வரை பரண் கீழே வைத்திருந்து, பிறகு அரிந்து, விதையை மட்டும் சாம்பலில் புரட்டி எடுத்துக்கொண்டாய். சதையை எதிர்வீட்டு மாட்டுக்குத்தான் போட்டாய். ஆனால் நறுக்கிப் போட்டாய்.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்குப் பிறகு நீ யார் வீட்டுக்கும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து கூட எடுத்துப் போகவில்லை. தெருவுக்கே முருங்கைக்கீரை உருவிக் கொடுத்த கை. யாராவது கேட்டால், "நல்லா இல்ல, பூச்சி அடிச்சிருக்குது" என்று பொய் சொன்னாய். பூச்சி எங்கே அடித்திருந்தது என்று எனக்குத் தெரியாதா? கடைசிவரை கொல்லையில் முற்றிப்போன அவரைக்காயைப் பார்த்தபடியே நீ போய்ச் சேர்ந்தாய். இதற்குத்தான் அவளை நான் மன்னிக்கவில்லை.

உன் காரியம் முடிந்து சாமான்களை ஒழுங்கு செய்யும்போது காப்பிப்பொடி டப்பாவில் அந்த விதை கிடைத்தது. வைகாசியில் எட்டு விதை ஊன்றினேன். ஐந்து முளைத்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, எதற்கு முளைக்கிறது என்று.

ஆவணியில் விஜயா மகளுக்குக் கல்யாணம் ஆனது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் தாய்மாமன் வீட்டில் கை நனைக்க வேண்டும் இல்லையா? எந்தப் பணக்காரியும் அதை ஓட்டலில் முடிக்க முடியாது. சம்பந்தி அம்மாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். புரட்டாசி, கவுச்சி கிடையாது. விருந்தின் மானம் முழுக்கக் காய்கறியில் நின்றது.

போன வாரமே போன் வந்தது. "அண்ணி, ஓட்டல்ல ஆர்டர் குடுத்துடுங்க. உங்க கொல்லையில வெளையறதப் பொங்கிப் போட்டு என் மானத்த வாங்கிடாதீங்க. சம்பந்தி பெரிய எடம்."

"நீ டென்ஷன் ஆவாத. வாயேன், பாத்துக்கலாம்" என்றேன்.

நேற்றுக் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து இறங்கினாள். கையில் பெரிய பிளாஸ்டிக் பை. பன்னீர், குடைமிளகாய், ஐஸில் வைத்த பட்டாணி. "இதப் போட்டு எதனா செய்ங்க" என்றாள். அடுப்படி ஆணியில் மாட்டினேன். முடிச்சைத் தொடவில்லை.

என்ன சமைத்தேன் என்று கேள். முருங்கைக்கீரை சாம்பார். கொத்தவரங்காய்ப் பொரியல், மேலே வறுத்த மல்லாட்டைப் பொடி. வாழைப்பூ வடை, நம் மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டிய கடலை எண்ணெயில். அந்த வெடித்த தக்காளியில் ரசம். பரங்கிக்காயில் தேங்காய்ப்பால் கூட்டு, அதிலேயே வெல்லம் போட்டுப் பாயசம். விதையை உரித்து நெய்யில் வறுத்து, முந்திரி போடுகிற இடத்தில் அதைப் போட்டேன். தோலை வீணாக்கவில்லை. துவையல் அரைத்துக் கிண்ணத்தில் தனியாக வைத்தேன். இலை கூட நம் மரத்து இலைதான்.

சம்பந்தி அம்மா கூட்டை மூன்றாம் தடவை வாங்கினார்கள். "இந்தப் பரங்கிக்காய எங்கம்மா வாங்குனீங்க? நாங்க கடையில வாங்குறது தண்ணியா இருக்குது. இது மாவா கரையுது" என்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா முந்திக்கொண்டாள். "நான்தான் சம்பந்தி, திண்டிவனத்துலேர்ந்து பாத்துப் பாத்து எல்லாம் வாங்கியாந்தேன். அண்ணிக்குப் பாவம், இன்னா தெரியும்?"

அக்கா, நான் எட்டு மாதமாக யோசித்து வைத்ததை விட அவளே நல்ல வழி காட்டிவிட்டாள்.

எழுந்து போய் ஆணியிலிருந்து அந்தப் பையை எடுத்து வந்து, போட்ட முடிச்சு போட்டபடியே, அவள் இலைக்கு எதிரே வைத்தேன். பட்டாணி உருகி, பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதான் உங்க சம்பந்தி வாங்கியாந்தது. இன்னும் பிரிக்கவே இல்ல" என்றேன்.

மாப்பிள்ளை குறும்புக்காரர். "அத்த, உங்க பை அழுவுது" என்றார். புதுப்பெண்ணே சிரித்துவிட்டாள்.

"அப்ப இந்தக் காயி?" என்று சம்பந்தி அம்மா என்னைப் பார்த்தார்கள்.

உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், "போதும், விடு" என்று இலையைப் பார்த்துச் சொன்னார். நான் விடவில்லை.

"எங்க அக்கா இவங்க கிரகப்பிரவேசத்துக்குச் சீரா கொண்டுபோன காயி. மாட்டுக்குப் போடச் சொன்னாங்க. மாடு வேணாம்னுடுச்சி. அந்த வெதையில வந்ததத்தான் இப்ப எல்லாரும் சாப்புடறோம்."

சம்பந்தி அம்மா விஜயாவைப் பார்க்காமல், "பேரு இன்னா உங்க அக்காவுக்கு?" என்று கேட்டார்கள். கனகம்மா என்றேன். "கனகம்மா கைக்கு வெத நல்லா வந்திருக்குது. எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார்கள். நம் வீட்டில் அத்தனை பேர் முன்னால் உன் பெயரைச் சொல்ல வைத்தேன், அக்கா. இலையில் இருந்த கூட்டு விஜயாவுக்கு இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு அவள் தனியாக அடுப்படிக்கு வந்தாள்.

"இப்டி மானத்த வாங்கிட்டியே அண்ணி."

"உன்னுது நேத்து வந்த மானம். எங்க அக்காவுது மூணு வருஷமா போய்க் கெடக்குது."

அவள் கண் கிண்ணத்தின் மேல் போனது. தோல் துவையல். வாசனையே சொல்லியிருக்கும். ஆறு வயதுப் பெண் மாதிரி ஒரு விரலை நீட்டினாள். "கனகா அண்ணி செய்யறது" என்றாள்.

நீயாக இருந்தால் கிண்ணத்தோடு கொடுத்திருப்பாய். நான் நீ இல்லை. கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தோலு அது. மாட்டுக்குப் போடறது. உனக்கு வேணாம்."

அவர்கள் போன பிறகு, மீந்த சோற்றில் அந்தத் துவையலைப் போட்டுப் பிசைந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பாவமாக இருந்ததா என்று கேட்பாய். உப்பு சரியாக இருந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இன்று காலையில் போன் செய்தாள். "சம்பந்திக்கு வெத எடுத்து வைங்க, நான் வந்து வாங்கிக் குடுக்கறன்" என்றாள். "உன் கை வழியா வேணாம். அவங்களே வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொடியில் இன்னும் பதினோரு காய் இருக்கிறது. முள்ளு போட்டு வைத்திருக்கிறேன். தை மாதம் உன் வருஷப் படையல் வரை குரங்கு தொடாது. அன்றைக்கு அத்தனை காயையும் அரிந்து, நீ கொடுக்காமல் விட்ட மூன்று வருஷத்துக்கும் சேர்த்து, இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு துண்டு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பூச்சி இல்லை என்று சொல்லிக் கொடுப்பேன். இது உனக்கு என் வாக்கு.

திண்டிவனத்துக்கு மட்டும் போக மாட்டேன். பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லைதான், காசு மிச்சம்தான். ஆனாலும் ஏற மாட்டேன். அவள் நம் கொல்லைக்கு வந்து, அந்தக் கொடி முன்னால் நின்று, உன் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். அதுவரை அவளுக்கு ஒரு பிஞ்சு கூடக் கிடையாது.

கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் நீ எனக்கு எப்படியாவது சொல்லிவிடு.

உன் அடுப்பில் பாதியும் உன் கோபம் முழுசும் வாங்கிக்கொண்ட
உன் தங்கச்சி,
ராஜகுமாரி